பந்து வீசாமலே ஒரு ஸ்ட்ரைக்: சாஃப்ட்பால் அம்பயரின் கையும் கடிகாரமும்

என் மகள் பள்ளி சாஃப்ட்பால் அணியில் சேர்ந்த முதல் வருடம். மாலை வெயிலில் அலுமினியப் பலகையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் ஆட வந்தாள். முதல் பந்து தாழ்வாகப் போனது, விட்டுவிட்டாள். பிறகு பேட்டருக்கான கட்டத்தை விட்டு வெளியே வந்து, கையுறையின் பட்டையை அவிழ்த்து மறுபடி ஒட்டினாள். பேட்டால் காலணியைத் தட்டினாள். மூன்றாவது பேஸ் பக்கம் நின்ற கோச்சைப் பார்த்தாள். திடீரென்று அம்பயர் வலக்கையை உயர்த்தி "ஸ்ட்ரைக்" என்றார். பந்து அப்போது அதை வீச வேண்டிய பிட்சரின் கையிலேயே இருந்தது. யாரும் எதையும் வீசவில்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, பந்து வராமலே பேட்டருக்கு எதிராக ஒரு தீர்ப்பு என்றால் மனது ஏற்காது. வீட்டுக்குப் போகும் வழியில் காரில் கேட்டேன். "அம்மா, ரெண்டு காலையும் வெளியே வெச்சுட்டேன். அதான்" என்றாள். அன்றிரவே விதிகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்த பிறகு இந்த ஆட்டம் வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. பந்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவள் அம்பயரின் கையையும் பார்க்கக் கற்றுக்கொண்டேன். இப்போது யார் காத்திருக்க வேண்டும், யார் காத்திருக்கக் கூடாது என்பதை அந்தக் கைதான் ஒவ்வொரு பந்துக்கும் நடுவில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இங்கே நான் சொல்லும் விதிகள் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களுக்கானவை. அவற்றை எழுதுவது என்.எஃப்.எச்.எஸ். என்ற கூட்டமைப்பு. கிளப் ஆட்டங்களை நடத்தும் யு.எஸ்.ஏ. சாஃப்ட்பால், சர்வதேச ஆட்டங்களை நடத்தும் டபிள்யூ.பி.எஸ்.சி. ஆகியவற்றின் விதிகளும் இதே போக்கில்தான் இருக்கும். விநாடிக் கணக்கில் அங்கங்கே வித்தியாசம் உண்டு. பேசப்போவது வேகப்பந்து சாஃப்ட்பால் பற்றி. பந்தைத் தூக்கிப் போடும் மெதுவகை ஆட்டம் தனி.

முதலில் கொஞ்சம் அடிப்படை. பிட்சர் நிற்கும் பலகைக்கும், பேட்டரின் அருகே தரையில் பதித்திருக்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 43 அடி. அந்தப் பலகையைச் சுற்றி 8 அடி ஆரத்தில் ஒரு வட்டம் போட்டிருக்கும். அந்த வட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது. ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம். அதன் மேலாக, பேட்டரின் அக்குளுக்கும் முழங்காலின் மேல்பகுதிக்கும் இடைப்பட்ட உயரத்தில் வரும் பந்தை ஆடாமல் விட்டால் ஸ்ட்ரைக். அந்தப் பரப்புக்கு வெளியே வந்ததை விட்டால் 'பால்'. மூன்று ஸ்ட்ரைக் ஆனால் பேட்டர் அவுட். நான்கு பால் ஆனால் முதல் பேஸுக்கு, அதாவது ரன்னர்கள் சுற்றிவர வேண்டிய மூலைகளில் முதலாவதற்கு, நடந்து போகலாம். ஒரு பள்ளி ஆட்டத்துக்கு ஏழு இன்னிங்ஸ்.

மணிக்கு 60 மைல் வேகத்தில் கையின் கீழ்வீச்சாக வரும் பந்து அந்த 43 அடியை அரை விநாடிக்குள் கடந்துவிடும். ஆட்டத்தில் உண்மையில் ஏதாவது நடப்பது அந்த அரை விநாடியில்தான். மீதி நேரம் முழுக்க இரண்டு பந்துகளுக்கு நடுவிலான இடைவெளி. இரண்டு அணிகளும் சேர்ந்து ஓர் ஆட்டத்தில் 200 பந்துகள் வீசினால், ஒவ்வொரு பந்துக்கும் ஆறு விநாடி கூடுதலாக இழுத்தாலே ஆட்டம் இருபது நிமிடம் நீண்டுவிடும். பள்ளி விட்டபின் தொடங்கும் ஆட்டம். பல மைதானங்களில் விளக்கு கிடையாது. இருபது நிமிடம் என்பது அங்கே ஒரு முழு இன்னிங்ஸ்.

கைகள் சொல்வது

கிரிக்கெட் பழக்கத்தோடு வருபவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். அம்பயர் இரண்டு கைகளையும் மேலே தூக்கினால் நமக்கு சிக்ஸர் ஞாபகம் வரும். சாஃப்ட்பாலில் அது ஃபவுல் (அடித்த பந்து கோட்டுக்கு வெளியே போய்விட்டது), அல்லது டைம் (இடைநிறுத்தம்). இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: பந்து செத்துவிட்டது, ஆட்டம் நிற்கிறது. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தால் நமக்கு வைடு. இங்கே அது சேஃப், ரன்னர் பேஸை அடைந்துவிட்டார். அவுட்டுக்கு ஆள்காட்டி விரல் கிடையாது. வலக்கையை முஷ்டியாக்கி உயர்த்துவார்.

ஸ்ட்ரைக்குக்கும் அதே வலக்கைதான். பேட்டர் ஆடாமல் விட்ட பந்து ஸ்ட்ரைக் என்றால் அம்பயர் குனிந்த நிலையிலிருந்து எழுந்து, கையை உயர்த்திக் குரல் கொடுப்பார். பேட்டைச் சுழற்றித் தவறவிட்டிருந்தால் அதை மைதானமே பார்த்திருக்கும், அதனால் பெரும்பாலும் கை மட்டும் எழும், குரல் வராது. 'பால்' என்றால் சைகையே கிடையாது. குனிந்தபடியே வாயால் மட்டும் சொல்லிவிடுவார். தூரத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது ரொம்ப உதவும்: அம்பயர் அசையவில்லையா, அது பால்.

ஃபவுலைக் குரலோடு சொல்வார்கள், ஃபேரைக் குரலில்லாமல் காட்டுவார்கள். பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்தால் அம்பயர் உள்பக்கம் கையை நீட்டுவதோடு சரி. இரண்டு சொல்லும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. ரசிகர்களின் இரைச்சலில் ஃபேர் என்று கத்தினால் பாதிப் பேர் காதில் ஃபவுல் என்று விழும், ஓடிக்கொண்டிருக்கும் பெண் நின்றுவிடுவாள். ஒரு சொல்லைச் சொல்லாமல் விடுவதிலேயே இவ்வளவு யோசனை இருக்கிறது.

பேட்டில் லேசாக உரசி, பேட்டருக்குப் பின்னால் இருக்கும் கேட்சரின் கையுறைக்குள் நேரே போகும் பந்துக்கு ஃபவுல் டிப் என்று பெயர். அம்பயர் நெஞ்சருகே விரல்களை ஒன்றோடொன்று தொட்டுக் காட்டிவிட்டு ஸ்ட்ரைக் காட்டுவார். பெயரில் ஃபவுல் இருந்தாலும் பந்து உயிரோடுதான் இருக்கிறது, ரன்னர்கள் ஓடலாம். ஹோம் ரன்னுக்கு முஷ்டியைத் தலைக்கு மேல் சுழற்றுவார். பந்து தரையில் குத்தி வேலியைத் தாண்டினால் இரண்டு விரல், இரண்டு பேஸ். பேட்டர் பாதியில் பேட்டை இழுத்துக்கொண்டாளா, சுழற்றிவிட்டாளா என்ற சந்தேகம் வந்து கேட்சர் கேட்டால், பிளேட் அம்பயர் இடக்கையை நீட்டி பேஸ் அம்பயரிடம் கேட்பார். அவர் முஷ்டி காட்டினால் சுழற்றிவிட்டாள். கைகளை விரித்தால் இல்லை.

கணக்கைக் காட்டும்போது இடக்கை விரல்கள் பால், வலக்கை விரல்கள் ஸ்ட்ரைக். சொல்லும்போதும் பால்தான் முதலில்: மூன்று-இரண்டு என்றால் மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக். இந்த விரல்கணக்கு பேஸ்பாலிலிருந்து வந்தது, அதற்குப் பழைய கதை உண்டு. 1886 ஆம் ஆண்டு அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரில், காது கேளாத பிட்சரான எட் டண்டன் ஓர் ஆட்டத்துக்கு அம்பயராக நின்றார். ஸ்ட்ரைக்குக்கு வலக்கை விரல், பாலுக்கு இடக்கை விரல் என்று காட்டித்தான் அந்த ஆட்டத்தை நடத்தினார். சைகைகள் எல்லாம் அவரிடமிருந்தே வந்தன என்று சொல்லிவிட முடியாது. ஆனால் காது கேளாத ஒருவர் பயன்படுத்திய மொழி, காது கேட்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இன்றைக்கு ஆட்டத்தை விளக்கிக்கொண்டிருக்கிறது என்பதை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

பார்ப்பவர்களை அதிகம் குழப்பும் சைகை ஒன்று உண்டு. அம்பயர் இடக்கையைப் பக்கவாட்டில் நீட்டி முஷ்டி பிடித்தபடி அப்படியே நிற்பார். கிரிக்கெட் நோ-பால் சைகை போலவே இருக்கும், பொருளும் கொஞ்சம் பக்கம்தான். 'தவறு ஒன்று நடந்திருக்கிறது, நான் பார்த்துவிட்டேன், ஆனால் ஆட்டத்தை இப்போது நிறுத்த மாட்டேன்' என்று அர்த்தம். பிட்சர் விதிமீறி வீசினாலோ, பந்தில்லாத தடுப்பாளர் ரன்னரின் வழியை மறித்தாலோ இந்தக் கை நீளும். அந்தப் பந்தில் நடப்பது முடியும்வரை ஓடவிட்டு, அப்புறம் நீதி. விதிமீறிய பந்தையே பேட்டர் அடித்து அவளும் மற்ற ரன்னர்களும் ஆளுக்கு ஒரு பேஸாவது முன்னேறிவிட்டால், அந்தத் தவறு அத்தோடு போயிற்று. இல்லையென்றால் பேட்டருக்கு ஒரு பால் சேரும். வலக்கையை ஏன் நீட்டுவதில்லை என்றால், அடுத்த விநாடி அவுட்டோ ஸ்ட்ரைக்கோ காட்ட அந்தக் கை வேண்டும்.

இன்ஃபீல்ட் ஃப்ளையைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இங்கே சுருக்கமாக: முதல், இரண்டாம் பேஸ்களில் ரன்னர்கள் இருக்கிறார்கள், இரண்டு அவுட் இன்னும் ஆகவில்லை, சுலபமாகப் பிடிக்கக்கூடிய உயரப்பந்து ஒன்று, பேஸ்களை ஒட்டி நிற்கும் உள்வட்டத் தடுப்பாளர்களுக்கு மேல் எழும்புகிறது. அம்பயர் கையைத் தலைக்கு மேல் தூக்கி பேட்டரை அப்போதே அவுட் என்று அறிவித்துவிடுவார். வேண்டுமென்றே பந்தைக் கீழே விட்டு, திகைத்து நிற்கும் ரன்னர்கள் இருவரை ஒன்றாக வீழ்த்தும் தந்திரத்துக்கு அதனால் வழியில்லாமல் போகிறது.

உள்ளங்கை

இப்போது முக்கியமான சைகைக்கு வருகிறேன். டிவியில் காட்டவே மாட்டார்கள். பலகையில் உட்கார்ந்திருந்தபோது பல ஆட்டங்கள்வரை என் கண்ணிலும் படவில்லை.

பேட்டர் கட்டத்துக்குள் வருகிறாள். பின்காலை மண்ணில் அழுத்தி ஒரு சின்னக் குழி பறிக்கிறாள். அந்த நேரத்தில் அம்பயர் வலக்கையை உயர்த்தி, உள்ளங்கையை பிட்சரை நோக்கிக் காட்டிக்கொண்டு நிற்பார். போக்குவரத்துக் காவலர் வண்டியை நிறுத்துவது போல. இன்னும் வீசாதே என்று அர்த்தம். அந்தக் கை உயர்ந்திருக்கும்போது பிட்சர் வீசினால் அந்தப் பந்து கணக்கிலேயே வராது. ஸ்ட்ரைக்கும் இல்லை, பாலும் இல்லை. பேட்டர் காலூன்றி நிமிர்ந்ததும் அம்பயர் கையை இறக்கி பிட்சரைச் சுட்டிக்காட்டி "ப்ளே" என்பார். அந்த நொடியில் ஆட்டம் உயிர்பெறுகிறது, கடிகாரமும் ஓட ஆரம்பிக்கிறது.

ஒரே கைதான். உள்ளங்கை தெரிந்தால் பிட்சர் காத்திருக்க வேண்டும், பேட்டருக்கு நேரம் இருக்கிறது. விரல் நீண்டுவிட்டால் பேட்டருக்கு நேரம் முடிந்தது, பிட்சருக்கு நேரம் தொடங்கியது. பள்ளி மைதானத்தில் ஓடும் கடிகாரம் எதுவும் இருக்காது. அம்பயர் மனதுக்குள் எண்ணுவதுதான். அதனால் அவரது கையைப் பார்க்காதவர்களுக்கு நேரம் போவதே தெரியாது. என் மகளுக்கு நடந்தது அதுதான்.

பிட்சருக்கு 20 விநாடி

பந்து பிட்சரின் கைக்குத் திரும்பியதிலிருந்து, அல்லது அம்பயர் "ப்ளே" என்றதிலிருந்து, 20 விநாடிக்குள் அடுத்த பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். தாண்டினால் பேட்டருக்கு ஒரு பால். ஏற்கெனவே மூன்று பால் ஆகியிருந்தால், வீசாத பந்துக்காக பேட்டர் முதல் பேஸுக்கு நடந்து போவாள்.

20 விநாடி தாராளம் போலத் தெரியும். எண்ணிப் பாருங்கள். பந்தை வாங்கி, கைமணிக்கட்டுப் பட்டையில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து, கேட்சரிடமிருந்து என்ன பந்து என்று சைகை வாங்கி, பிடிப்பை மாற்றி, பலகையில் ஏறி, இரண்டு கைகளையும் உடலுக்கு முன்னால் சேர்க்க வேண்டும். அந்தச் சேர்த்த கைக்குள் இன்னொரு கணக்கு இருக்கிறது: கைகள் சேர்ந்தபடி குறைந்தது ஒரு விநாடி, அதிகபட்சம் பத்து விநாடி. ஒரு விநாடிகூட நிற்காமல் வீசினால் பேட்டரை ஏமாற்றுவதாகும். பத்தைத் தாண்டினால் பேட்டரை நோகடிப்பதாகும். இரண்டுமே விதிமீறல், அம்பயரின் இடக்கை முஷ்டி நீளும்.

பேட்டை நெஞ்சருகே பிடித்துக்கொண்டு, முழங்கால் மடங்கி, மொத்த உடம்பும் விறைத்து நிற்கும் பேட்டருக்கு பத்து விநாடி எவ்வளவு நீளம் என்று நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அனுபவமுள்ள பிட்சர்கள் இதை ஆயுதமாகவே வைத்திருக்கிறார்கள். ஒரு பந்துக்கு ஏழு விநாடி, அடுத்ததற்கு இரண்டு. விதிக்குள் நின்றுகொண்டே பேட்டரின் தாளத்தைக் குலைப்பார்கள். இதில் எனக்குக் குறையே இல்லை. நேரத்தை வைத்து விளையாடுவதும் திறமைதான். இழுத்தடிப்பது வேறு.

கேட்சருக்கும் கட்டுப்பாடு உண்டு. பேஸ்கள் காலியாக இருக்கும்போது, ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் அதை நேரே பிட்சருக்குத் திருப்பி எறிய வேண்டும். ஊரைச் சுற்ற விட்டால் பேட்டருக்கு ஒரு பால். ஸ்ட்ரைக் அவுட் ஆனபிறகு உள்வட்டத்தில் தடுப்பாளர்கள் பந்தை ஒருவருக்கொருவர் எறிந்து மகிழ்வதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு விதிவிலக்கு இருக்கிறது.

இன்னிங்ஸ் மாறும்போது ஒரு நிமிடம், ஐந்து பயிற்சிப் பந்துகள். அந்த நிமிடம் பிட்சர் வட்டத்துக்கு வந்ததிலிருந்து தொடங்குவதில்லை, முந்தைய பாதியின் மூன்றாவது அவுட்டிலிருந்தே தொடங்கிவிடுகிறது. ஐந்துக்கு மேல் வீசும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பால். முதல் பேட்டர் கட்டத்துக்குள் வரும்போதே கணக்கு ஒன்று-பூஜ்யம் என்று இருக்கும், காரணம் யாருக்கும் புரியாது.

பேட்டருக்குப் பத்து, ஒரு கால் உள்ளே

பந்து பிட்சருக்குத் திரும்பிய பத்து விநாடிக்குள் பேட்டர் கட்டத்துக்குள் நிற்க வேண்டும். இல்லையென்றால் ஸ்ட்ரைக், பந்து வீச வேண்டிய அவசியமே இல்லை. உள்ளே வந்த பிறகு, பந்துகளுக்கு நடுவில் குறைந்தது ஒரு கால் கட்டத்துக்குள் இருக்க வேண்டும். அதையும் மீறி வெளியே வந்து ஆட்டத்தைத் தாமதப்படுத்தினால் அதற்கும் ஸ்ட்ரைக்.

எல்லா நேரமும் கட்டிப்போட்டு வைத்திருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். பேட்டைச் சுழற்றினாலோ, சுழற்றப் போய் நிறுத்தினாலோ, பன்ட் செய்யப் போனாலோ (பேட்டைச் சுழற்றாமல் பந்தை மெல்லத் தட்டுவது) வெளியே வரலாம். மேலே மோதுவது போல வந்த பந்துக்குத் துள்ளி விலகினாலும் சரிதான். பந்து கேட்சரைத் தாண்டி ஓடிவிட்டாலோ, எங்காவது பேஸில் ரன்னரைப் பிடிக்க முயற்சி நடந்தாலோ தடையில்லை. பிட்சர் வட்டத்தை விட்டு வெளியேறினாலும், கேட்சர் தன் இடத்தை விட்டு நகர்ந்தாலும், அம்பயர் டைம் கொடுத்தாலும் அப்படியே. ஒன்று கவனியுங்கள்: இவை எல்லாமே வேறு காரணத்தால் ஆட்டம் ஏற்கெனவே தாமதமாகியிருக்கும் தருணங்கள். பேட்டரால் மட்டும் தாமதம் என்றால்தான் தண்டனை. என் மகள் செய்தது அதைத்தான். தாழ்வாக வந்த பந்தை அசையாமல் நின்று விட்டுவிட்டு, இரண்டு காலோடும் வெளியே வந்து, நிதானமாகக் கையுறைப் பட்டையைச் சரிசெய்தாள்.

டைம் கேட்டால் கிடைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. கையை உயர்த்திக் கேட்பது பேட்டரின் வேலை, கொடுப்பதும் மறுப்பதும் அம்பயரின் முடிவு. பிட்சர் வீசத் தொடங்கிய பிறகு கேட்டால் கிடைக்காது. கேட்டுவிட்டோமே என்று பேட்டைத் தாழ்த்திக்கொண்டு நின்றால், பந்து வந்து ஸ்ட்ரைக் ஆகிவிடும். அதனால் கோச்கள் சொல்லிக்கொடுப்பது இது: கேட்ட பிறகு அம்பயரின் இரண்டு கைகளும் மேலே போவதைப் பார், அதுவரை பந்தை எதிர்பார்த்தே நில்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ஓர் உதாரணம் கைவசம் இருக்கிறது. 2023 நவம்பர் 6 அன்று டெல்லியில் நடந்த உலகக் கோப்பை ஆட்டத்தில், இலங்கையின் ஏஞ்சலோ மேத்யூஸ் ஒரு பந்துகூட ஆடாமல், குறித்த இரண்டு நிமிடத்துக்குள் தயாராகவில்லை என்று பங்களாதேஷ் முறையிட்டதால் அவுட் ஆனார். ஹெல்மெட் பட்டை அறுந்துபோனது காரணம். சர்வதேச கிரிக்கெட்டில் அப்படி அவுட் ஆன முதல் ஆள் அவர். அதைச் சுற்றி எத்தனை சண்டை நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். சாஃப்ட்பாலில் இந்தச் சண்டை வராததற்கு இரண்டு காரணங்களைப் பார்க்கிறேன். ஒன்று, எதிரணி கேட்க வேண்டியதில்லை, அம்பயரே எண்ணிச் சொல்கிறார். அதனால் எதிரணியின் பெருந்தன்மை பற்றிய பேச்சே எழாது. இரண்டு, தண்டனை சிறியது. முழு அவுட் இல்லை, மூன்றில் ஒரு பங்கு. சிறிய தண்டனை என்பதால்தான் தயங்காமல் கொடுக்க முடிகிறது.

பேஸ்பால் இந்த விஷயத்தில் ரொம்பக் காலம் பின்தங்கியிருந்தது. அமெரிக்காவின் மேஜர் லீக் 2023 இல்தான் பிட்சருக்குக் கடிகாரம் வைத்தது: பேஸ்கள் காலியாக இருந்தால் 15 விநாடி, ரன்னர் இருந்தால் 20. ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் சராசரி நேரம் முந்தைய ஆண்டின் 3 மணி 4 நிமிடத்திலிருந்து 2 மணி 40 நிமிடத்துக்கு இறங்கியது. ஆட்டத்தின் ஆன்மாவே போய்விடும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். பள்ளி மைதானங்களில் பதினைந்து வயதுப் பெண்கள் அதற்குப் பல வருடம் முன்பிருந்தே 20 விநாடிக்குள் வீசிக்கொண்டிருந்தார்கள்.

மற்ற இடங்களில் ஒழுகும் நேரம்

தடுக்கும் அணியின் கோச் பிட்சரிடம் பேசப் போகலாம். ஏழு இன்னிங்ஸுக்கு மூன்று முறைதான். நான்காவது முறை போனால் அந்தப் பெண் அந்த ஆட்டத்தில் மேற்கொண்டு பந்து வீச முடியாது. ஆடும் அணிக்கு ஒரு பாதி இன்னிங்ஸுக்கு ஒரு ஆலோசனை. வேண்டுமென்றே பேட்டரை முதல் பேஸுக்கு அனுப்ப நினைத்தால், நான்கு பந்துகளை வெளியே வீசிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அம்பயரிடம் சொன்னால் போதும்.

பிட்சரோ கேட்சரோ பேஸில் இருந்தால் அவருக்குப் பதிலாக வேறொருத்தியை ஓடவிடும் வசதி பல இடங்களில் உண்டு. சலுகை போலத் தெரிந்தாலும் நேரத்துக்கான ஏற்பாடுதான். மூன்றாவது அவுட் விழுந்த பிறகு கேட்சர் ஓடி வந்து காலுக்கும் நெஞ்சுக்கும் கவசம் மாட்டத் தொடங்கினால் அந்த ஒரு நிமிடம் போதாது. அவள் முன்னாலேயே வெளியே வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, கவசத்தைக் கட்டிக்கொண்டு தயாராக இருக்கலாம்.

வட்டத்தை நினைவில் வைக்கச் சொன்னேன். பிட்சர் பந்தோடு அந்த வட்டத்துக்குள் நின்று, யாரையும் வீழ்த்த முயலாமல் இருந்தால், பேஸ்களுக்கு நடுவில் நிற்கும் ரன்னர் உடனே முன்னே போக வேண்டும், அல்லது திரும்ப வேண்டும். முன்னும் பின்னும் ஆடி ஆடி பிட்சரைச் சீண்டிக்கொண்டு நின்றால் அவுட். பிட்சர் பந்தைக் கையிலிருந்து விடும்வரை பேஸிலிருந்து காலை எடுக்கவும் கூடாது. எடுத்தால் அதுவும் அவுட். பேஸ்பாலில் ரன்னரைக் கண்காணிக்க பிட்சர் திரும்பத் திரும்ப முதல் பேஸுக்கு எறிவதில் போகும் நேரம் சாஃப்ட்பாலில் கிடையவே கிடையாது.

நேர வரம்பு வைத்து நடத்தும் கோடைகால டோர்னமென்ட்களில்தான் உண்மையான சோதனை. குறித்த நேரத்துக்குப் பிறகு புதிய இன்னிங்ஸ் தொடங்காது என்றால், ஒரு ரன் முன்னிலையில் இருக்கும் அணிக்கு மெதுவாக நடக்க ஆசை வரும். ஷூ லேஸ் அவிழும். கண்ணில் தூசி விழும். பிட்சருக்குத் தண்ணீர் தாகம் எடுக்கும். அப்படி ஓர் ஆட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் அணிதான் முன்னிலையில் இருந்தது, எங்கள் பெஞ்சிலிருந்தே பிட்சரை மெதுவாகப் போகச் சொல்லிக் குரல் வந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. அம்பயர் சத்தம் போடவில்லை. முகக்கவசத்தைக் கழற்றி, பிட்சரைச் சுட்டி "ப்ளே" என்று மட்டும் சொன்னார். பிட்சர் மறுபடியும் பந்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். 20 விநாடி முடிந்ததும் "பால்" என்றார். அடுத்த பந்து எட்டு விநாடியில் வந்தது. பள்ளி விதிகளில் இதற்கு மேலும் ஓர் அதிகாரம் இருக்கிறது: ஆட்டத்தை வேண்டுமென்றே இழுத்தடிக்கும் அணி தோற்றதாகவே அறிவிக்கலாம். அது அபூர்வம். ஒரு பால், ஒரு ஸ்ட்ரைக் என்ற சின்னத் தண்டனைகள் முன்னாலேயே வேலையை முடித்துவிடுகின்றன.

அடுத்த முறை ஓர் ஆட்டம் பார்க்கப் போனால், முதல் இன்னிங்ஸில் பந்தை விட்டுவிடுங்கள். பிளேட் அம்பயரின் வலக்கையை மட்டும் பாருங்கள். உள்ளங்கை எப்போது எழுகிறது, விரல் எப்போது நீள்கிறது என்று பாருங்கள். விரல் நீண்டதும் மனதுக்குள் எண்ணத் தொடங்குங்கள். நல்ல பிட்சர்கள் பெரும்பாலும் பன்னிரண்டு, பதின்மூன்றிலேயே வீசிவிடுவார்கள். பதினெட்டு வந்தும் கை அசையவில்லை என்றால் நிமிர்ந்து உட்காருங்கள்.

என் மகள் இப்போது பந்துகளுக்கு நடுவில் இடக்காலை மட்டும் எடுத்து வெளியே வைக்கிறாள். வலக்கால் தான் பறித்த குழியிலேயே இருக்கும். அந்த நிலையில் கோச்சைப் பார்த்து, ஒரு மூச்சு இழுத்து விட்டு, காலை உள்ளே கொண்டுவருகிறாள். கையுறைப் பட்டையைத் தொடுவதே இல்லை. நான் எண்ணிப் பார்த்தேன், ஆறு விநாடி.